டேவியின் விளக்கும் அணையாத ஆபத்தும்

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இந்த எளிய சோதனையை நீங்கள் பார்த்திருக்கலாம். பன்சன் அடுப்பின் வாய்க்கு இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கம்பி வலையைப் பிடிக்கிறோம். வாயுவைத் திறந்துவிட்டு, வலைக்கு மேலே எரியும் தீக்குச்சியைக் காட்டுகிறோம். வலைக்கு மேலே வாயு பற்றி எரிகிறது. வலைக்குக் கீழேயும் அதே வாயுதான் இருக்கிறது. ஆனால் தீ கீழே இறங்குவதில்லை. கம்பி வலை சுடரின் வெப்பத்தை விரைவாக உறிஞ்சி நாற்புறமும் பரப்பிவிடுகிறது. அதனால் வலைக்குக் கீழேயுள்ள வாயு பற்றிக்கொள்ளும் வெப்பநிலையை எட்டுவதில்லை.

ஆண்டுதோறும் நானும் இச்சோதனையைச் செய்துகாட்டி, "இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான் சர் ஹம்ப்ரி டேவி சுரங்கக் காப்பு விளக்கை அமைத்தார்" என்று கூறிப் பாடத்தை முடிப்பது வழக்கம். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அந்த விளக்கு வந்த பிறகு சுரங்க வெடிப்புகள் குறைந்துவிட்டனவா, சார்?" என்று கேட்டான். "பெரிதும் குறைந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை நூலகத்தில் தேடிப் பார்த்தபோதுதான் நான் சொன்ன விடை தவறு என்று தெரிந்தது. மறுநாள் அதே வகுப்பில் என் தவற்றைத் திருத்திக்கொண்டேன். அந்தத் திருத்தத்தின் விரிவே இக்கட்டுரை.

இருளும் தீயும்

நிலக்கரிப் படிவங்களுக்கு இடையே மீத்தேன் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. கரியை வெட்டும்போது அது வெளியேறிச் சுரங்கக் காற்றில் கலக்கிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் இது ஏறத்தாழ 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை கலந்திருந்தால், ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். கலவை 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வெடிப்பதற்கு வாயு போதாது. 15 விழுக்காட்டுக்கு மேலே போனால் பிராணவாயு போதாது.

தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பல நூறு அடி ஆழத்தில் வெளிச்சம் இல்லாமல் கரி வெட்ட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் வெளிச்சம் என்றால் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும்தாம். வேலை செய்வதற்கு இன்றியமையாத பொருளே உயிரைப் பறிக்கும் பொருளாகவும் இருந்தது.

இதற்கு மாற்றாகச் சில வழிகளைக் கையாண்டார்கள். ஒரு சிறுவன் எஃகுச் சக்கரத்தைச் சுழற்றுவான்; அதில் சிக்கிமுக்கிக்கல்லை உராயவிட்டுத் தெறிக்கும் பொறிகளின் ஒளியில் மற்றவர்கள் வெட்டுவார்கள். இந்தப் பொறிகள் வாயுவைப் பற்றவைக்கா என்று முதலில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையும் பின்னர் வெடித்துச் சிதறியது. சில இடங்களில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்வார். நீண்ட கோலின் நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி நீட்டி, தேங்கிய வாயுவை வேண்டுமென்றே கொளுத்திவிடுவார். மற்றவர்கள் வேலையைத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

1812 மே 25ஆம் நாள் இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள பெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்கள் பலர். உள்ளே எரிந்த தீயை அணைப்பதற்காகச் சுரங்க வாய்களையே அடைத்துவிட்டார்கள். பல வாரங்களுக்குப் பின்புதான் உடல்களை மீட்கத் தொடங்கினார்கள். அவ்வூர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன் இறந்தவர்களின் பெயர்களோடு இவ்விபத்தின் விவரத்தை அச்சிட்டு வெளியிட்டார். அது நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது. 1813இல் சண்டர்லாந்து நகரில் சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. டேவியை இப்பணிக்கு அழைத்தது அச்சங்கமே.

784 துளைகள்

1815 ஆகஸ்டில் டேவி சுரங்கப் பகுதிக்கு நேரில் வந்தார். வால்சென்ட் சுரங்கத்தின் மேலாளர் ஜான் பட்டிலைச் சந்தித்துச் சிக்கலைக் கேட்டறிந்தார். பிறகு புட்டிகளில் அடைத்து அனுப்பிய சுரங்க வாயுவை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆராய்ந்தார். அவருக்கு அங்கே உதவியாளராக இருந்த இளைஞர் மைக்கேல் பாரடே.

குறுகிய உலோகக் குழாயின் வழியே மீத்தேன் சுடர் பாய முடியாது என்று டேவி கண்டார். குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு குறைந்த நீளமே போதும் என்றும் கண்டார். அப்படியானால் மிகக் குறுகிய, மிகக் குட்டையான குழாய்கள் பலவற்றை அடுத்தடுத்து வைத்தால் என்ன? கம்பி வலை என்பது அதுதான் அல்லவா? ஓர் அங்குலத்துக்கு 28 துளைகள், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 784 துளைகள் கொண்ட வலையால் எண்ணெய் விளக்கின் சுடரை மூடினார். வாயு உள்ளே போகும். உள்ளே எரியவும் செய்யும். ஆனால் தீ வெளியே வராது. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் இவ்விளக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். அது நம்பியபடியே வேலை செய்தது.

விளக்கு வேறொரு நன்மையையும் தந்தது. காற்றில் மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் ஒரு நீல நிறத் தொப்பி தோன்றும். வாயு கூடக் கூடத் தொப்பி உயரும். ஆகவே விளக்கு ஒளியை மட்டும் தரவில்லை; எச்சரிக்கையையும் தந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் டாக்டர் கிளானி என்ற மருத்துவரும், பின்னாளில் ரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சனும் காப்பு விளக்குகளை அமைத்தார்கள். யார் முதல்வர் என்ற பூசல் நெடுநாள் நடந்தது. அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. டேவி தம் விளக்குக்குக் காப்புரிமை பெற மறுத்துவிட்டார் என்பதை மட்டும் நினைவில் வைப்போம். உயிர் காக்கும் பொருளை அவர் வணிகப் பொருளாக்க விரும்பவில்லை.

எதிர்பாராத கணக்கு

இவ்விடத்தில் பாடநூல் கதையை முடித்துவிடுகிறது. வரலாறு முடிக்கவில்லை.

1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று சுரங்க விபத்துகளை ஆராய்ந்தது. டர்ஹாம், நார்த்தம்பர்லாந்து ஆகிய இரு மாவட்டங்களின் கணக்கை எடுத்தது. விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர். விளக்கு வந்த பிறகு, அடுத்த 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 538 பேர். எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது!

டேவியின் பௌதிகம் தவறா? இல்லை. உங்கள் சோதனைச் சாலையில் இன்றும் அது சரியாகவே வேலை செய்கிறது. எண்களைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். அந்த ஆண்டுகளில் சுரங்கங்களும் உற்பத்தியும் பெருகின. உழைப்பவர் தொகையும் பெருகியது. ஆகவே விளக்குதான் மனிதர்களைக் கொன்றது என்று முடிவு கட்டக்கூடாது. ஆயினும் விளக்கு அவர்களைக் காக்கவில்லை என்பது தெளிவு. ஏன்?

முதற்காரணம், விளக்கு தந்த துணிச்சல். வாயு மிகுதி என்று முன்பு மூடிவைத்த சுரங்கங்களைத் திறந்தார்கள். இன்னும் ஆழத்துக்கு இறங்கினார்கள். "விளக்கு இருக்கிறதே" என்று காற்றோட்டத்தைச் செம்மைப்படுத்தாமல் விட்டார்கள். ஆபத்து குறைந்த அளவுக்கு மனிதர்கள் ஆபத்தை நோக்கி நகர்ந்தார்கள்.

இரண்டாவது காரணம், விளக்கின் எல்லை. அசையாத காற்றில் வலை சுடரைத் தடுக்கும். ஆனால் நொடிக்கு ஏறத்தாழ ஆறு அடி வேகத்துக்கு மேல் காற்று அடித்தால், சுடர் வலையோடு ஒட்டி எரிந்து அதைச் சூடாக்கி வெளியே பாய்ந்துவிடும். காற்றோட்டம் நன்றாக இருக்கும் சுரங்கத்திலேயே விளக்கு ஆபத்தாக மாறிவிடுகிறது என்பது எவ்வளவு முரண்! வலை துருப்பிடித்தாலும், ஒரு கம்பி அறுந்தாலும் கதை முடிந்தது.

மூன்றாவது காரணம், கூலி. வலை ஒளியையும் மறைத்தது. டேவி விளக்கின் வெளிச்சம் ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் சிறு பங்குகூட இல்லை. தொழிலாளிக்கோ வெட்டிய கரியின் எடைக்குத்தான் கூலி. மங்கலான ஒளியில் குறைவாக வெட்டினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே வலையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். இதைத் தொழிலாளியின் அசட்டை என்று சொல்வது எளிது. விதியைக் கடைப்பிடித்தால் வயிறு காயும் என்ற நிலையை அமைத்தவர்கள் யார் என்று கேட்பதே நேர்மை.

அந்த 1835ஆம் ஆண்டிலேயே வால்சென்ட் சுரங்கம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டேவியை வரவேற்று அவருடைய விளக்கைப் போற்றிய அதே ஜான் பட்டில் மேற்பார்த்த சுரங்கம் அது.

கதவருகே ஒரு குழந்தை

விளக்குக்கு வெளியேயும் ஆபத்துகள் இருந்தன. சுரங்கத்தினுள் காற்று சரியான பாதையில் ஓட வேண்டுமானால், குறுக்கே அமைந்த கதவுகள் மூடியே இருக்க வேண்டும். கரி வண்டி வரும்போது மட்டும் திறந்து உடனே மூட வேண்டும். இந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம்! அவர்கள் நாளெல்லாம் இருளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குழந்தை தூங்கிவிட்டால், ஒரு கதவு திறந்து கிடந்தால், எங்கோ ஒரு மூலையில் வாயு தேங்கும். நூறு பேரின் உயிர் ஒரு குழந்தையின் விழிப்பைச் சார்ந்திருந்தது. 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்தினுள் வேலை செய்வதைத் தடை செய்தது.

1844இல் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தபோது, விசாரணைக்கு அரசாங்கம் அனுப்பிய இருவருள் ஒருவர் பாரடே. டேவியின் உதவியாளராக விளக்கின் பிறப்பைக் கண்டவர் அதன் தோல்வியை ஆராய வந்தார். மற்றவர் புவியியல் அறிஞர் சார்லஸ் லயல். சுரங்கத்தினுள் காற்றின் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று பாரடே கேட்டாராம். ஒருவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவத்திச் சுடரில் தூவி, புகை நகரும் வேகத்தைக் காட்டினாராம். "வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று பாரடே கேட்க, "நீங்கள் உட்கார்ந்திருக்கும் பையில்தான்" என்று விடை வந்ததாம்! லயல் எழுதிவைத்த நிகழ்ச்சி இது. ஆபத்தோடு நாள்தோறும் பழகியவர்களின் கண்ணுக்கு ஆபத்து தெரியாமல் போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெடித்தது வாயு மட்டும் அன்று, காற்றில் எழுந்த கரித்தூளும் தீயைப் பரப்பியது என்று அவர்கள் எழுதினார்கள். வாயு தேங்கும் இடத்திலிருந்து குழாய் வைத்து அதை இழுத்து வெளியேற்றலாம் என்றும் யோசனை கூறினார்கள். நடைமுறைக்கு ஒவ்வாது என்று சுரங்க உரிமையாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலை

1862 ஜனவரியில் ஹார்ட்லி சுரங்கத்தில் வாயுவும் வெடிக்கவில்லை, விளக்கும் தவறவில்லை. நீர் இறைக்கும் எஞ்சினின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, பல டன் எடையுள்ள பாதி சுரங்க வாய்க்குள் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு ஒரே வாய்தான். அது அடைபட்டது. மொத்தம் 204 பேர் உயிரிழந்தனர். உள்ளே அகப்பட்டவர்கள் காயத்தால் சாகவில்லை; நச்சுக்காற்றில் மூச்சடங்கினார்கள். "இந்த ஒரு வழி அடைபட்டால் என்ன செய்வது?" என்ற கேள்வியை அதற்கு முன் எவரும் கட்டாயமாகக் கேட்கவில்லை. அதே ஆண்டில், சுரங்கத்துக்கு வெளியேறும் வழிகள் இரண்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்த ஒரு வரிக்கு விலை 204 உயிர்கள்.

1896இல் ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், சுரங்க வெடிப்பில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து அறிக்கை தந்தார். பெரும்பாலோர் வெடிப்பின் தாக்குதலால் இறக்கவில்லை. வெடித்த பின் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தார்கள் என்று காட்டினார். இவ்வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் சேர்ந்துகொள்கிறது. சிற்றுயிர்கள் விரைவாக மூச்சு விடுவதால் மனிதனுக்கு முன்பே மயங்கிவிழும். எனவே அவற்றை எச்சரிக்கைக் கருவியாகக் கொண்டுசெல்லலாம் என்றார் ஹால்டேன். கானரிப் பறவை கூண்டோடு சுரங்கத்தினுள் இறங்கியது இப்படித்தான். மின்னணுக் கருவிகள் அதன் இடத்தைப் பிடித்தபோது பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

கரித்தூளைப் பற்றிய எச்சரிக்கை அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கியது. 1906 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 1099 பேர் மாண்டனர். அதன் பின்புதான் பெரிய அளவில் சோதனைகள் நடந்தன. அவற்றால் ஒரு தீர்வு கிடைத்தது: சுரங்கப் பாதைகளில் எரியாத கல்தூளைத் தூவுங்கள். வெடிப்பு அலை வரும்போது கரித்தூளோடு கல்தூளும் எழும்பும். சுடரின் வெப்பத்தை உறிஞ்சி அதை அணைத்துவிடும். இத்தத்துவம் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? ஆம், டேவியின் கம்பி வலைதான் இங்கே தூளாக மாறியிருக்கிறது!

நம் நாட்டிலும் இதே பாடம் திரும்ப நடந்தது. பீகாரில் (இன்றைய ஜார்க்கண்டில்) 1965 மே மாதம் தோரி சுரங்கத்தில் நடந்த வெடிப்பு 268 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1975 டிசம்பர் 27ஆம் நாள் தன்பாதுக்கு அருகிலுள்ள சாஸ்நாலா சுரங்கத்தில் பழைய வெட்டுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது; 375 பேர் மூழ்கினர். எந்த விளக்கும் எந்தப் பறவையும் அங்கே உதவியிருக்க முடியாது. அங்கே முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "இந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது?" என்பதே.

நான்கு கேள்விகள்

இன்று ஆபத்தான வேலைகளுக்கெல்லாம் 'இடர் ஆய்வு' என்ற முறை உண்டு. வேலையைத் தொடங்கு முன் அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரலாம் என்று எழுதிப் பார்ப்பதே அது. மேலே கண்ட வரலாற்றிலிருந்து நான் திரட்டிக்கொண்டவை நான்கு கேள்விகள்.

ஒன்று: ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா? வாயுவோடு வாழும் விளக்கைவிட, வாயுவை வெளியேற்றும் காற்றோட்டம் மேலானது.

இரண்டு: நீக்க முடியாவிட்டால், மனிதனை ஆபத்திலிருந்து பிரிக்க முடியுமா?

மூன்று: நாம் நம்பியிருக்கும் காப்பு தவறினால் அடுத்த காப்பு எது? ஒரு வலை, ஒரு வாய், ஒரு குழந்தை என்று எல்லாவற்றையும் ஒன்றிலேயே கட்டிவைக்கக் கூடாது.

நான்கு: வேலை செய்பவரால் இந்த விதியைக் கடைப்பிடித்துக்கொண்டே பிழைக்க முடியுமா? முடியாதென்றால் அந்த விதி தாளில் மட்டுமே இருக்கும்.

வலைக்குக் கையுறையும் தலைக்கவசமும் தங்கைகள் எனலாம். அவை தேவை. ஆனால் அவை கடைசிக் காப்பு, முதற்காப்பு அல்ல.

நம் ஊர்க் கிணறு

இவையெல்லாம் எங்கோ தூரத்துச் சுரங்கங்களின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நெடுநாள் இறங்காத கிணற்றில் தூர் வாருவதற்கு முன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். பிராணவாயு குறைந்து கரியமில வாயு தேங்கியிருப்பதை அது காட்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் அதன் எல்லையையும் அறிய வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற கொடிய நச்சு வாயு இருக்கும். அதன் கொல்லும் அளவிலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். அங்கே மீத்தேனும் இருந்தால், இறக்கிய விளக்கே வெடிப்பைத் தொடங்கிவைக்கும். டேவியின் காலத்துக்கு முந்திய மெழுகுவத்தி அது.

இத்தகைய தொட்டிகளில் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுந்த செய்தியை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் காப்பில்லாமல் மனிதரை இறக்கும் ஆபத்தான வேலையை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு மனிதரை இறக்காதே என்பது நம் முதற்கேள்விக்கு உரிய விடையே. இருந்தும் அச்செய்திகள் நிற்கவில்லை. அறிவு இருந்தது, கருவி இருந்தது, விதியும் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை அன்று காலை அங்கே எவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்கோ தெருவுக்கோ அப்படி ஒருவர் கயிற்றோடு வந்து நின்றால், நீங்கள் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். உள்ளே எவரேனும் விழுந்துவிட்டால், மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் இறங்காதீர்கள். இறங்க முனைபவரையும் தடுத்து, உடனே தீயணைப்புத் துறையினரை அழையுங்கள்.

என் வகுப்பில் கம்பி வலைச் சோதனையை இப்போதும் செய்துகாட்டுகிறேன். வலைக்கு மேல் நிற்கும் தீயைக் கண்டு மாணவர்கள் வியக்கிறார்கள். வியந்து முடித்ததும், வலையை அங்கேயே வைத்துவிட்டு, குழாய் வழியே ஒரு பக்கமிருந்து காற்றை ஊதினால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். பாடத்தின் மறுபாதி அங்கேதான் தொடங்குகிறது.